காலிக் கோட்டையின் திறந்த வாசல்கள்



கி.பி. 1344-ஆம் ஆண்டளவில் இலங்கையின் தென்கரையிலுள்ள காலிக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, அங்கே இப்ராஹீம் என்னும் முஸ்லிம் கப்பல் தலைவர் தம் இல்லத்தில் தம்மை உபசரித்ததைப் பயணநூலில் குறித்துள்ளார். இன்று அதே ஊரில் முஸ்லிம் குடும்பங்கள் நடத்தும் விடுதிகளில் பயணிகள் கட்டணம் செலுத்தித் தங்குகின்றனர். பழைய விருந்தோம்பல் வணிகமாகிவிட்டதா? சென்ற ஆண்டு குடும்பத்துடன் அங்குத் தங்கியபோது என் உள்ளத்தில் எழுந்த வினா இதுவே.

காலி பல இனத்தார் கூடிய துறைமுகம். 1409-ஆம் ஆண்டைத் தாங்கிய செங் ஹோவின் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளில் அமைந்தது. அது 1911-இல் இவ்வூரில்தான் கண்டெடுக்கப்பட்டது. போர்த்துக்கேயர் எழுப்பிய அரணை 1640-இல் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அதனைப் பெருங்கோட்டையாக விரிவாக்கினர். அவர்கள் காலத்து வீடுகள் பலவற்றில் பின்னாளில் முஸ்லிம் வணிகக் குடும்பங்கள் குடியேறின. 1892-இல் பஹ்ஜதுல் இப்ராஹீமிய்யா அரபுக் கல்லூரியும், 1904-இல் மீரான் ஜும்ஆ பள்ளிவாசலும் கோட்டைக்குள் எழுந்தன.

நாங்கள் தங்கிய வீடும் அத்தகையதே. தடித்த சுவர்கள், தெருவை நோக்கிய தாழ்வாரம், நடுவே வானம் தெரியும் முற்றம். முன்னறைகள் பயணிகளுக்கு, பின்கட்டில் குடும்பம் வாழ்கிறது. 1988-இல் கோட்டை உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. பிற்காலத்தில் வீடுகளின் விலை உயர்ந்து, பல வீடுகள் வெளிநாட்டவர் கைக்கு மாறின. வீட்டுக்காரர் என்னிடம், "வித்தா பெரிய காசு கிடைக்கும், ஹஸரத். ஆனா எல்லாரும் வித்துட்டுப் போனா, பள்ளியில ஸஃப்புல யாரு நிக்கிற?" என்றார்.

அந்தச் சொல்லே என் வினாவுக்கு விடையாயிற்று. விருந்தினரின் உரிமை மூன்று நாள், அதற்கு மேற்பட்டது தர்மம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். விருந்தளிப்பவருக்குச் சுமையாகும்வரை தங்கலாகாது என்றும் எச்சரித்தார்கள். வாடகை பெறுவது மார்க்கம் அனுமதித்த ஒப்பந்தமே. அதனால் கண்ணியம் குறைவதில்லை. மாறாக, அவ்வருவாயால் ஒரு வீடு நிலைக்கிறது. அவ்வீட்டால் பள்ளிவாசலின் ஒரு ஸஃப் நிறைகிறது.

ஆகவே பயணம் செல்லும் நம் குடும்பங்கள் இத்தகைய வீடுகளைத் தேடித் தங்கட்டும். தங்குமிடத்தில் அமைதியும் தூய்மையும் பேணி, பேசிய தொகையைத் தாமதமின்றிச் செலுத்தி, வீட்டாருக்கு துஆ செய்து விடைபெறட்டும். அல்லாஹ் அவ்வில்லங்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.