முத்துக் குளிப்போர் நாடகமும் அதன் பிழைகளும்



பிரெஞ்சு இசைமேதை ஜோர்ஜ் பிசே இயற்றிய 'முத்துக் குளிப்போர்' என்னும் இசைநாடகம் 1863ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அரங்கேறியது. கதை நிகழுமிடம் இலங்கைக் கடற்கரை. முத்து என்றதும் நம் மன்னார்க் கடலே நினைவில் எழும். ஆயின், கதையாசிரியர் இருவரும் முதலில் எண்ணிய களம் மெக்சிகோ நாடாம்!

எனவே பிழைகள் மலிந்தன. தலைவி லைலா, தலைவன் நாதிர். இரண்டும் அரபு மொழிப் பெயர்கள். மாந்தர் வணங்குவதோ பிரமனை! திருக்கேதீச்சரத்துச் சிவனை நாடகம் அறியவில்லை. சிலாபத்துறையிலும் அரிப்பிலும் மூழ்கியோருள் பலர் தமிழகக் கரையிலிருந்து வந்த கத்தோலிக்கப் பரதவரும் முஸ்லிம்களும் என்பதையும் அறியவில்லை.

எனினும், குளிப்போரைக் காக்க லைலா பாறைமீது நின்று பாடுகிறாள். நம் கரையிலோ சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதியவர் 'கடல்கட்டி'. அவர் ஓதாமல் எவரும் நீரில் இறங்கத் துணியார். ஆங்கில அரசும் அவருக்கு ஊதியம் வழங்கிற்று. பெயரில் தவறிய நாடகம், தெய்வத்தில் தவறிய நாடகம், கல்லைப் பற்றி ஒரே மூச்சில் ஆழம் இறங்கியவனின் அச்சத்தில் மட்டும் தவறவில்லை.

பாரிஸ் நகரத்தாரின் பிழையை நகைப்பது எளிது. அவ்வாறு மூழ்கியோருள் ஒருவர் பெயரையேனும் நம் மாணவர் அறிவரோ?