இறந்தவர் எடுத்த படம்

கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். இல்லாததை இருப்பதுபோல் சொல்வதுதான் என் தொழில். ஆனால் தலைப்புக்குப் பக்கத்திலேயே ‘சிறுகதை’ என்று அச்சிட்டுவிடுகிறார்கள். வாசகர் தெரிந்தே ஏமாறுகிறார், சந்தோஷமாக ஏமாறுகிறார். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் என்ன விபரீதம் நேரும் என்பதற்கு, 2019-ஆம் வருஷத்து அமேஸான் தீயின் சரித்திரத்தைப் பார்க்கலாம்.

அந்த ஆகஸ்டு மாதம் பிரேஸில் நாட்டில் அமேஸான் காடு பல இடங்களில் எரிந்தது. 19-ஆம் தேதி பிற்பகல், காட்டுக்கு வெகு தொலைவிலுள்ள ஸாவோ பாலோ நகரம் பட்டப்பகலில் இருண்டது. 22-ஆம் தேதி பிரான்ஸின் ஜனாதிபதி மக்ரோன், நம் வீடே எரிகிறது என்று இணையத்தில் எழுதினார். உலகின் பிராணவாயுவில் 20 சதவீதத்தைத் தரும் காடு அது என்றார். கூடவே ஒரு படம். காடு தகதகவென்று எரிகிற படம்.

படத்தை எடுத்தவர் லோரன் மக்கின்டைர் என்ற அமெரிக்கர். அமேஸான் நதியின் மூலத்தைத் தேடி 1971-இல் ஆண்டிஸ் மலையேறிய சூரர். ஆனால் அவர் 2003-லேயே காலமாகிவிட்டார்! கால்பந்து வீரர் ரொனால்டோ வெளியிட்ட படமோ 2013-இல் பிரேஸிலின் தென்கோடியில் எடுத்தது. அது அமேஸானே அல்ல. பிராணவாயுக் கணக்கும் நிற்கவில்லை. காடு பகலில் விடுகிற பிராணவாயுவில் ஏறக்குறைய முழுவதையும், மரங்களின் சுவாசமும் மட்கும் சருகுகளுமே திரும்ப எடுத்துக்கொள்கின்றன. அமேஸானைக் காப்பாற்ற வேறு நூறு காரணங்கள் உண்டு. இது அவற்றில் ஒன்றல்ல.

“நல்ல காரியத்துக்குத்தானே ஐயா, படம் பழசாக இருந்தால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம்.

என்ன என்பதைக் கேளுங்கள். அந்த நாட்டின் விண்வெளி ஆராய்ச்சி நிலையம், காடு அழிவதைச் செயற்கைக் கோள்கள் மூலம் பல வருஷங்களாக அளந்து, யாரும் பார்க்கும்படி கணக்கை வெளியிட்டு வருகிறது. 2019 ஜூலையில் அது அழிவு பெருகுவதைக் காட்டியது. அப்போதைய பிரேஸில் ஜனாதிபதி போல்ஸொனாரோ அந்தக் கணக்கே பொய் என்றார். நிலையத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவ் பணியவில்லை, பகிரங்கமாக மறுத்தார். ஆகஸ்டு தொடக்கத்தில் அவர் பதவி பறிபோயிற்று.

இந்த நிலையில்தான் மக்ரோனின் படம் வந்தது. போல்ஸொனாரோவுக்கு வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. போலிப் படங்களைக் காட்டிப் பரபரப்பூட்டுகிறார்கள் என்று உடனே பதில் கொடுத்தார். படத்தைப் பற்றி அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் வேதனை. மெய்யான கணக்கை ஒருவர் தம் வேலையைப் பணயம் வைத்துக் காத்து நின்றார். அவருக்குத் துணை வருவதாக வந்த பொய்ப் படம், எதிராளியின் கைக்கு ஆயுதமாகப் போயிற்று.

கண்ணால் கண்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் பாட்டிமார் சொன்னது இணையத்துக்கும் பொருந்தும். விசாரிப்பது இன்று கடினமும் அல்ல. படத்தையே தேடு கருவியிடம் கொடுத்து, இது முன்பு எங்கே வந்தது என்று கேட்கலாம். எடுத்தது யார், எப்போது, எந்த ஊரில் என்று பார்க்கலாம். ஓர் எண்ணைச் சொன்னால், எண்ணியது யார், எப்படி எண்ணினார் என்று கேட்கலாம். முக்கியமாக, நம் மனம் எதை நம்பத் துடிக்கிறதோ அதையே முதலில் சோதிக்க வேண்டும். பிடிக்காத செய்தியைச் சந்தேகிக்க எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2019 ஜூலையோடு முடிந்த ஒரு வருஷத்தில் அழிந்த காடு 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் என்று பிறகு முழுக் கணக்கு வந்தது. பத்து வருஷங்களில் காணாத அழிவு. கல்வாவ் சொன்னதே மெய்யாயிற்று. 2023-இல் புதிய அரசாங்கம் அவரைத் தேசிய ஆராய்ச்சிக் குழுவின் தலைவராக்கியது. அவருக்கு வேறொரு பதவியைக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காட்டை யாரால் மீட்டுக் கொடுக்க முடியும்?