தொப்பூர் கணவாய்ச் சாலை

தொப்பூர் கணவாய்ச் சாலை என்பது தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில், தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர் மலைப்பகுதி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலைப் பகுதி ஆகும். சிறிநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஒரு பகுதியாக இது விளங்குகிறது. 2010-ஆம் ஆண்டில் நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் வழங்கப்படும் வரை இது தேசிய நெடுஞ்சாலை 7 என்று அறியப்பட்டது. தமிழ்நாட்டில் தொடர்ந்து பெரும் விபத்துகள் நிகழும் சாலைப் பகுதிகளுள் இது ஒன்றாகும்.

அமைவிடம்

தருமபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து 450 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் மேட்டுநிலத்தில் அமைந்துள்ளது. சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேட்டுநிலத்திலிருந்து சமவெளிக்கு இறங்குவதற்கு இயற்கை அளித்த வழியே தொப்பூர் கணவாய் எனலாம். சேலம் - பெங்களூரு தொடருந்துப் பாதையும் இவ்வழியாகவே செல்கிறது. படைகள் சென்ற வழியும் இதுவே. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1790 நவம்பரில், திப்பு சுல்தானின் படையும் அதனைத் தொடர்ந்து வந்த ஆங்கிலேயத் தளபதி மெடோசின் படையும் இக்கணவாயை நோக்கி விரைந்தன. மேட்டூர், பவானி செல்லும் சாலை தொப்பூரில் பிரிகிறது.

இறக்கத்தின் இயல்பு

பெங்களூரு, கிருட்டிணகிரி பக்கமிருந்து வரும் வாகனங்கள் பாளையம் சுங்கச்சாவடியைக் கடந்த பின் இறக்கம் தொடங்குகிறது. கட்டமேடு, இரட்டைப்பாலம் ஆகிய இடங்கள் விபத்துச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறுபவை. பெரும்பாலான பெருவிபத்துகள் சேலம் நோக்கி இறங்கும் பக்கத்திலேயே நிகழ்கின்றன.

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகளும், கொல்லிமலைப் பாதையில் 70 வளைவுகளும் உள்ளன. அங்கெல்லாம் வளைவே ஓட்டுநரை மெதுவாகச் செல்ல வைத்து விடுகிறது. தொப்பூரில் அவ்வாறு இல்லை. அகலமான நான்குவழிச் சாலை, நடுவில் தடுப்பு, நீண்ட சாய்வு, அகன்ற வளைவுகள் ஆகியவை அமைந்திருப்பதால், மலைப்பாதையில் இறங்குகிறோம் என்ற உணர்வே பலருக்கு ஏற்படுவதில்லை. சமவெளியில் வந்த அதே வேகத்தில் இறக்கத்திலும் நுழைந்து விடுகின்றனர். இச்சாலையின் ஆபத்து வளைவுகளில் இருப்பதைக் காட்டிலும் இந்த மயக்கத்திலேயே மிகுதியாக உள்ளது.

பிரேக் செயலிழக்கும் விதம்

பிரேக் என்பது வாகனத்தின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றும் கருவியே ஆகும். மொத்த எடை 25 டன் உள்ள ஒரு லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 245 இலட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. அதே லாரி மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்கையில் அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 35 இலட்சம் ஜூல் மட்டுமே. அதாவது, பிரேக்கை மட்டுமே நம்பி 100 மீட்டர் இறங்குவது, 60 கி.மீ. வேகத்திலிருந்து ஏழு முறை அடுத்தடுத்து முழுமையாக நிறுத்துவதற்கு ஒப்பாகும். உருளும் சக்கரங்களின் உராய்வும் காற்றின் தடையும் ஒரு பகுதியை ஈடுசெய்தாலும், எஞ்சிய வெப்பம் முழுவதும் பிரேக்கிலேயே சேருகிறது.

வெப்பம் மிகும்போது லாரியின் பிரேக் டிரம் விரிவடைந்து லைனிங்கை விட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடிமானமும் குறைகிறது. கார்களில் மற்றொரு சிக்கலும் உண்டு. பிரேக் எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் தோன்றி, பெடல் அழுத்தமின்றிக் கீழே இறங்கிவிடும். டாட் 3 வகை எண்ணெய்க்குக் குறிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியசு ஆகும். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி அது பழையதாகும்போது இந்த அளவு 140 பாகையாகக் குறையக்கூடும். பல ஆண்டுகள் மாற்றப்படாத பிரேக் எண்ணெய் நகர வீதிகளில் எக்குறையும் காட்டாது. இத்தகைய இறக்கத்தில்தான் அதன் குறை வெளிப்படும்.

நியூட்ரலில் இறங்கும் வழக்கம்

இக்கணவாயில் நிகழும் லாரி விபத்துகளுக்கு முதன்மையான காரணமாக அதிகாரிகள் சுட்டிக்காட்டுவது, டீசலை மிச்சப்படுத்துவதற்காக வாகனத்தை நியூட்ரலில் வைத்தோ எஞ்சினை நிறுத்தியோ இறக்கும் வழக்கமாகும். கியரில் இருக்கும் வரை எஞ்சின் சக்கரங்களின் வேகத்தைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் அந்தப் பிடி முற்றிலும் அற்றுப்போகிறது. லாரியின் பிரேக் காற்றழுத்தத்தால் இயங்குவது; காற்றை அழுத்தும் கருவியை எஞ்சினே இயக்குகிறது. எஞ்சின் நின்றபின் பிரேக்கை மீண்டும் மீண்டும் மிதித்தால் தொட்டியில் உள்ள காற்று தீர்ந்துவிடும். வேகம் மிகுந்த பின்னர் மீண்டும் கியருக்கு மாற்றுவதும் பெரும்பாலும் இயலாது.

பெரும்பாலான கார்களில், எஞ்சினை நிறுத்திய பின் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்தாலே பெடல் இறுகிவிடும், ஸ்டீயரிங்கும் கனக்கும். சாவியைக் கழற்றினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இதில் நகைமுரண் ஒன்று உண்டு: மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தப்படும் இக்கால எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் வரத்து நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமலிருக்க எரிபொருள் செலவாகிக்கொண்டே இருக்கும். எனவே எஞ்சினை ஓடவிட்டு நியூட்ரலில் இறங்குவோர் இக்கால வாகனங்களில் எதையும் சேமிப்பதில்லை.

குறிப்பிடத்தக்க விபத்துகள்

2020 டிசம்பர் 12 அன்று, முன்னர் நிகழ்ந்த ஒரு விபத்தின் காரணமாக வரிசையாக நின்றிருந்த வாகனங்களின் மீது சிமெண்ட் மூட்டைகள் ஏற்றிவந்த லாரி மோதியதில் குறைந்தது நான்கு பேர் உயிரிழந்தனர். பத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் நொறுங்கின. 2024 சனவரி 24 அன்று, கட்டுப்பாட்டை இழந்த லாரி முன்சென்ற லாரியின் மீது மோதியது; இடையில் சிக்கிய காரில் தீப்பற்றியது; ஒரு லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்தது. இதில் நால்வர் உயிரிழந்தனர். கண்காணிப்புக் கருவியில் பதிவான இக்காட்சி நாடெங்கும் பரவியது.

இவ்விரு நிகழ்வுகளிலும் காரில் இருந்தவர்கள் பின்னாலிருந்து வந்த கனரக வாகனத்தால் பாதிக்கப்பட்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. தம் வாகனத்தைச் சரியாக ஓட்டுவது மட்டும் இங்கே போதுமானதன்று.

கார் ஓட்டுநர்கள் கருதத்தக்கவை

இறக்கம் தொடங்கும் முன்னரே மூன்றாம் அல்லது இரண்டாம் கியருக்கு மாறுதல் வேண்டும். ஏறுவதற்குத் தேவைப்படும் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது பழைய ஓட்டுநர்கள் கூறும் விதி. இன்றும் அது ஏறத்தாழப் பொருந்துகிறது. தானியங்கிக் கியர் கொண்ட கார்களில் குறைந்த கியர் நிலையையோ கைமுறைத் தெரிவையோ பயன்படுத்தலாம். மின்சாரக் கார்கள் இறக்கத்தில் மின்னாற்றலை மீட்டு வேகத்தைக் குறைக்கும். ஆனால் மின்கலம் முழுமையாக நிரம்பியிருந்தால் இவ்வசதி குறைவாகவே செயற்படும்.

பிரேக்கின் மீது காலை இலேசாக வைத்தபடியே இறங்குவது வெப்பத்தைக் கூட்டும். உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்துக் குளிரவிடுவதே முறையாகும். கருகிய வாடை வந்தாலோ பெடல் மிருதுவானாலோ பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க்கில் நீர் ஊற்றினால் அது கோணிவிடக்கூடும்.

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. ஈரச்சாலையில் திடீரென நிறுத்தும்போது ஸ்டீயரிங் கட்டுப்பாட்டை இது காக்கும். சூடேறிய பிரேக்கின் வலுவை இதனால் மீட்க இயலாது.

லாரியை முந்திச் சென்று உடனே அதன் முன் நுழைந்து பிரேக் மிதிப்பது இச்சாலையில் செய்யக்கூடாதவற்றுள் முதன்மையானது. முன்னே வாகனங்கள் தேங்கி நிற்பது தெரிந்தவுடன் எச்சரிக்கை விளக்குகளை எரியவிட்டு, முன் வாகனத்துடன் இடைவெளி விட்டு, பின்புறக் கண்ணாடியைக் கவனித்தபடி நிறுத்த வேண்டும். பின்னிருக்கையில் இருப்போரும் இருக்கைப் பட்டை அணிவது சட்டப்படி கட்டாயமாகும். பின்னாலிருந்து மோதப்பட்டு முன் வாகனத்தின் மீது கார் தள்ளப்படும் விபத்துகளில் அதன் பயன் பெரிது.

சாலைச் சீரமைப்பு

கணவாய்ப் பகுதியில் சாய்வையும் வளைவையும் குறைக்கும் வகையில் ஏறத்தாழ 6.6 கி.மீ. நீளத்துக்கு உயர்மட்டச் சாலை அமைக்கும் திட்டத்தை இந்திய தேசிய நெடுஞ்சாலை ஆணையம் வகுத்தது. 2024 சனவரி விபத்துக்குப் பின்னர் இத்திட்டம் பரவலான கவனத்தைப் பெற்றது.