இறக்குமதி மறுப்பும் அடையாள முரணும்: சர்வர் கண்காணிப்பு மென்பொருள்களில் அமைப்புக் கோப்புச் சிக்கல்கள்

கண்காணிப்பு மென்பொருளில் அமைப்புக் கோப்பு ஏற மறுத்தால், நிர்வாகிகள் முதலில் தேடுவது எழுத்துப் பிழையைத்தான்: விட்டுப்போன மேற்கோள் குறி, யாம்ல் கோப்பில் பிசகிய இடைவெளி. பிழை அந்த வகை என்றால் வேலை சுலபம். பெரும்பாலும் மென்பொருளே இடத்தைச் சுட்டிவிடும். வடிவம் சரியாக இருந்தும் மறுக்கப்படும் கோப்புகளே இக்கட்டுரையின் பொருள். ‘நீ சொல்லும் பொருளும் என்னிடம் இருக்கும் பொருளும் ஒன்றா?’ என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் கோப்பை வெட்டி ஒட்டி உள்ளே தள்ளுவது பழுதுநீக்கம் ஆகாது. பழுதைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றுவதே ஆகும்.

அலெக்ஸெய் விளாடிஷெவ் லாட்வியாவில் உருவாக்கி 2001இல் வெளியிட்ட ஜாபிக்ஸ் இதற்கு நல்ல சான்று. அதன் பழைய பதிப்பின் கோப்பைப் புதிய சர்வர் தானே மாற்றி ஏற்றுக்கொள்ளும். எதிர்த்திசையில் வழியில்லை: 6.4 பதிப்பில் எடுத்த வார்ப்புருவை 6.0இல் ஏற்றினால், இந்தப் பதிப்பு எண் ஏற்கத்தக்கதல்ல என்ற பதிலே வரும். உடனே பலரும் கைவைப்பது கோப்பின் தலைப்பகுதியில். 6.4 என்பதை 6.0 என்று திருத்துவார்கள். திருத்தியதும் பிழைச் செய்தி மாறும்; பிழை போகாது. 6.2 பதிப்பில் வார்ப்புருக் குழுக்கள் ஹோஸ்ட் குழுக்களிலிருந்து தனியே பிரிக்கப்பட்டன, அப்பகுதியை 6.0 அறியாது. அதைப் பழைய பெயருக்கு மாற்றினால், 6.4இல் புதிதாக வந்த எஸ்என்எம்பி வாக் முன்செயலாக்கப் படியில் போய் முட்டும். அதையும் நீக்கினால் ஒருவழியாகப் பச்சை நிறச் செய்தி வந்துவிடும்.

அந்தப் பச்சையைத்தான் நம்பக் கூடாது. நீக்கிய படியின் வேலை, பெரிய பதிலிலிருந்து தேவையான எண்ணைப் பிரித்தெடுப்பது. அது இல்லாத ஐட்டத்துக்கு எண் வந்து சேராது. ‘ஆதரிக்கப்படவில்லை’ என்ற நிலைக்குப் போய்விடும். அதை நம்பியிருந்த ட்ரிக்கரும் வாய் திறக்காது. ஸ்விட்ச் செத்துக் கிடந்தாலும் திரையில் சிவப்பு எழாது. முதலில் வந்த மறுப்பு இதைவிட எவ்வளவோ நேர்மையானது. இதற்கு முறையான தீர்வு எளிது, சற்றுச் சலிப்பூட்டுவதும்கூட: ஜாபிக்ஸின் அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனிக் கிளை உண்டு. 6.0 சர்வருக்கு 6.0 கிளையின் வார்ப்புருவையே எடுக்க வேண்டும்.

அடையாளச் சிக்கல் இதைவிட நுட்பமானது. 2021இல் வந்த 5.4 பதிப்பு முதல் வார்ப்புருக்களையும் அவற்றின் உள்ளுறுப்புகளையும் ஜாபிக்ஸ் யுயுஐடி கொண்டு அடையாளம் காண்கிறது. இடைக்கோடு இல்லாத 32 பதினாறடிமான இலக்கங்கள். நான்காம் வகை யுயுஐடி என்பதால் பதின்மூன்றாவது இலக்கம் 4 ஆகவே இருக்க வேண்டும். கைக்கு வந்தபடி இலக்கங்களைத் தட்டிப் போட்டவர்களின் கோப்பு இங்கேயே நின்றுவிடும். அது நல்லதே. மோசமானது மற்றது: ஒருவர் வார்ப்புருவை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றி, யுயுஐடியை அப்படியே விட்டு, ‘இருப்பதைப் புதுப்பி’ என்ற கட்டத்தையும் தேர்ந்து ஏற்றுகிறார். புது வார்ப்புரு பிறக்காது. பழையதே புதுப் பெயருக்கு மாறிவிடும். கூடவே ‘இல்லாததை நீக்கு’ என்பதையும் தேர்ந்திருந்தால், கோப்பில் இல்லாத ஐட்டங்கள் அழியும், அவை சேர்த்துவைத்த வரலாற்றுத் தரவோடு. பிழைச் செய்தி ஒன்றுகூட வராது. 5.4இலிருந்தே கிடைக்கும் முன்னோட்டத் திரை இந்த மாற்றங்களை வரிவரியாகக் காட்டுகிறது. அதைப் படிக்காமல் கடந்துபோவது, என் பார்வையில், தொழில் அலட்சியம்.

கோப்பு தவறினால் மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதிலும் ஒருமித்த கருத்தில்லை. ஜாபிக்ஸ் பாதியில் தடுக்கினால் செய்த மாற்றங்கள் அனைத்தையும் திரும்பப் பெற்றுவிடும். 1999இல் ஈதன் கால்ஸ்டாட் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்ட நாகியோஸ், வரையறுக்கப்படாத ஒரு ஹோஸ்ட்டைச் சுட்டும் சர்வீஸ் ஒன்று இருந்தாலே எழுந்திருக்க மறுக்கும். ஆகவேதான் மறுதொடக்கத்துக்கு முன் அதன் சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டச் சொல்கிறார்கள். 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்த புரோமீதியஸ் மூன்றாவது வழியில் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது கொடுத்த புதிய கோப்பு தவறென்றால் அதை ஒதுக்கிவிட்டு, நினைவகத்தில் உள்ள பழைய அமைப்போடு தொடரும்.

இந்த மூன்றாவது வழி பலருக்கும் கனிவானதாகத் தோன்றும். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. வட்டில் தவறான கோப்பு, நினைவகத்தில் சரியான அமைப்பு என்ற இரட்டை நிலை நாள்கணக்கில் நீடிக்கலாம். பிறகு வேறேதோ காரணத்துக்காக இயந்திரம் மறுதொடக்கம் ஆகும்போது புரோமீதியஸ் எழாது. அதற்குள் கோப்பைத் திருத்தியது யார், எதற்காக என்பதே மறந்து போயிருக்கும்.

நடுராத்திரியில் சேவை முடங்கியிருக்கையில் கோட்பாடு பேச நேரமேது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அவசரத்தின்போது தேவைப்படுவது குறுக்குவழியல்ல, ஏற்கெனவே சோதித்துவைத்த கோப்பு. உற்பத்திச் சர்வரின் அதே பதிப்பில் ஒரு சோதனைச் சர்வர், கோப்புகளுக்கு கிட் களஞ்சியம், ஏற்றுவதற்கு முன் ஒரு சரிபார்ப்பு. இவற்றுக்கு ஆகும் செலவு மிகச் சிறியது. மறுப்பு வந்தால், சுட்டப்படும் பொருள் அங்கே உள்ளதா, உள்ளதென்றால் அது இதுதானா, பதிப்பு ஒத்துப்போகிறதா என்று இந்த வரிசையில் பார்த்துவிட்டுத்தான் கோப்பில் கைவைக்க வேண்டும். இணையப் பக்கத்தின் வழியே ஏற்றும் கோப்பு பெரிதென்றால் பிஎச்பியின் பதிவேற்ற வரம்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். ஜாபிக்ஸ் அதற்குக் கேட்கும் குறைந்தபட்சம் 2 எம்பிதான்.

புரோமீதியஸ், கடைசி மறுஏற்றம் வெற்றியா தோல்வியா என்பதை 1 அல்லது 0 என்று ஓர் அளவையாகவே வெளியிடுகிறது. அந்த அளவை 0 ஆனால் ஒலிக்கும் அலர்ட்டை இதுவரை வைக்காதவர்கள் இன்றே வைத்துவிடுங்கள்.