மெட்ராஸ் டைம் தெரியுமா உங்களுக்கு?

சென்னை நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துல ஒரு பழைய கருங்கல் தூண் நிக்குது. 1792ல கிழக்கிந்தியக் கம்பெனி கட்டின வானாய்வகத்தோட மிச்சம் அது. கட்டினவர் மைக்கேல் டாப்பிங் பேரும் அதுல செதுக்கியிருக்கு. ஒரு காலத்துல இந்தியாவுல ரயில்கள் ஓடினது இந்த இடத்து மணியை வெச்சுத்தான்னா நம்புவீங்களா?

ரயில் வர்றதுக்கு முன்னாடி ஊருக்கு ஒரு நேரம். சூரியன் உச்சிக்கு வந்தா மணி பன்னிரண்டு, அவ்வளவுதான் கணக்கு. பூமி ஒரு டிகிரி சுத்த 4 நிமிஷம் ஆகும். அதனால மெட்ராஸ்ல 12 அடிக்கும்போது பம்பாயில 11.30, கல்கத்தாவுல 12.32. மாட்டுவண்டியில போறவருக்கு இதனால ஒரு நஷ்டமும் இல்லை. ரயிலுக்கு அட்டவணை போடறவங்களுக்குத்தான் தலைவலி! மெட்ராஸ் நேரம் மத்த ரெண்டுக்கும் நடுவுல இருந்தது, இங்க வானாய்வகமும் இருந்தது, நேரத்தை அனுப்பத் தந்தியும் இருந்தது. 1870 வாக்குல மெட்ராஸ் டைமே ரயில்வே டைம் ஆயிடுச்சு.

பம்பாய்க்காரங்க மட்டும் மசியலை. 1881ல கவர்னர் ஜேம்ஸ் ஃபெர்குசன் அங்கயும் மெட்ராஸ் டைம்னு அறிவிச்சார். எதிர்ப்பு தாங்காம 1883ல வாபஸ்.

1906 ஜனவரி 1ந்தேதி இந்திய நேரம் வந்தது, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணிநேரம் முன்னாடி. நமக்குக் கடிகாரத்தை 9 நிமிஷம் தள்ளி வெச்சா முடிஞ்சது. பம்பாய்க்கோ 39 நிமிஷம்! ஆலைச் சங்கு அவ்வளவு சீக்கிரம் ஊதினா தூக்கம் போறது யாருக்கு? அந்த மாசமே ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. வங்கப் பிரிவினைக் கோபம் சூடா இருந்த சமயம் வேற. கடிகாரமும் அரசியல் ஆயிடுச்சு. கல்கத்தா 1948 வரைக்கும், பம்பாய் 1950 வரைக்கும் சொந்த நேரத்தை விடலை.

கோடையில கடிகாரத்தை ஒரு மணிநேரம் முன்னாடி தள்ளி வெக்கிற பழக்கம் நம்ம நாட்டுல ஏன் இல்லைன்னு கேக்கலாம். லண்டன்ல கோடைப் பகல் பதினாறரை மணிநேரம், குளிர்காலத்துல எட்டுக்கும் கீழ. சென்னையில ரெண்டுக்கும் வித்தியாசமே ஒன்றரை மணிநேரம்தான். தள்ளி வெச்சு என்ன மிச்சம் பிடிக்கறது? ஆனாலும் உலகப்போர் சமயத்துல, 1942 செப்டம்பர்லேர்ந்து 1945 அக்டோபர் வரைக்கும், இந்தியா முழுக்கக் கடிகாரம் ஒரு மணிநேரம் முன்னாடிதான் ஓடியிருக்கு.

நம்ம நிஜப் பிரச்சினை கோடையில்லை, அகலம். குஜராத்லேர்ந்து அருணாசலம் வரைக்கும் 29 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட ரெண்டு மணிநேரம். கோடையில அருணாசலத்துல நாலரை மணிக்கெல்லாம் விடிஞ்சிடும். ஆபீஸ் திறக்கிறதுக்குள்ள வெயில் ஏறிடும்; குளிர்காலத்துல ஆபீஸ் விடறதுக்குள்ள இருட்டிடும். விளக்குச் செலவு யார் தலையில? அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள்ல 'பாகான் டைம்'னு ஒரு மணிநேரம் முன்னாடி வெச்சு ரொம்ப காலமா சமாளிக்கிறாங்க. தனி நேரம் வேணும்னு 2014ல அஸ்ஸாம் முதல்வர் தருண் கோகோய் கேட்டார். 2018ல தேசிய இயற்பியல் ஆய்வக விஞ்ஞானிகளும் ரெண்டு நேரம் சாத்தியம்னு எழுதினாங்க. மத்திய அரசு ஒத்துக்கலை.

ஒரே நேரம்னா ரயிலுக்குக் குழப்பமில்லை, நாடு ஒண்ணுங்கிற நினைப்புக்கும் நல்லது. வாஸ்தவம்தாங்க. ஆனா 1906ல தூக்கத்தை விட்டவர் ஆலைத் தொழிலாளி, இப்ப வெளிச்சத்தை விடறவர் வடகிழக்குக்காரர். 9 நிமிஷத்தோட தப்பிச்ச நமக்கு அது அவ்வளவா உறைக்காது.