மோகனூர்ப் பிள்ளையும் பதூலா பீவியும்

காவிரிக் கரையில் இருக்கிறது மோகனூர். இன்று நாமக்கல் மாவட்டம்; 1997-க்கு முன் சேலம் மாவட்டம். அவ்வூரில் 1888 அக்டோபர் 19 அன்று, காவல்துறையில் பணியாற்றிய வெங்கடராம பிள்ளைக்கும் அம்மணி அம்மாளுக்கும் எட்டாவது மகவாக இராமலிங்கம் பிறந்தார். பின்னாளில் நாடு அவரை நாமக்கல் கவிஞர் என்று அழைத்தது. பள்ளிப் பாடநூல்களில் அவரைப் பற்றி நாம் படித்திருக்கிறோம். ஆனால் அந்தக் குழந்தையை இளமையில் அன்புடன் வளர்த்தவர் பதூலா பீவி என்னும் முஸ்லிம் பெண்மணி என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கவிஞரின் வாழ்க்கைக் குறிப்புகளில் அந்த அம்மையாரின் பெயர் ஒரு வரியில் வந்து போகிறது. அவ்வளவுதான். பிறர் பிள்ளையை வளர்த்த பெண்ணின் தகுதி என்ன என்பதை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. தம்மைப் பாலூட்டி வளர்த்த ஹலீமா (ரலி) அவர்கள் வந்தபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் மேலாடையை விரித்து அதில் அமரச் செய்தார்கள் என்று நாம் கேட்டிருக்கிறோம். அந்த நினைவோடு பதூலா பீவியின் பெயரைப் படிக்கும்போது அந்த ஒரு வரி சிறியதாகத் தோன்றவில்லை.

அவர் கையில் வளர்ந்த பிள்ளை ஒரே துறையில் அடங்கி நிற்கவில்லை. நாமக்கல்லிலும் கோவையிலும் படித்துவிட்டுத் திருச்சியில் கல்லூரிக்குச் சென்றார். தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை, பிறகு தொடக்கப்பள்ளி ஆசிரியர் வேலை. இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. அவருடைய கை தூரிகையைத்தான் நாடியது. உருவப்படம் தீட்டுவதிலேயே பிழைப்பும் நடந்தது. (உருவம் வரைவது குறித்து நம் மார்க்க அறிஞர்கள் சொல்வதை நாம் அறிவோம், இங்கே ஒரு மனிதரின் வரலாற்றை மட்டுமே சொல்கிறோம்.) ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் டெல்லி தர்பாரையொட்டி அவர் வரைந்த ஓவியம் தங்கப் பதக்கம் பெற்றது.

மன்னரின் பதக்கத்தைப் பெற்ற அதே மனிதர் சில ஆண்டுகளில் அந்த மன்னரின் ஆட்சிக்கு எதிராக மேடையேறினார். தொடக்கத்தில் திலகர் வழியில் நின்றவர், பின்னர் காந்தியடிகளின் அறவழியில் உறுதியானார். செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பாரதியாரைச் சந்தித்துத் தம் பாடலைப் பாடிக்காட்டியபோது, அவர் வாயாலேயே புலவர் என்ற பாராட்டும் கிடைத்தது. ஓவியராக அறியப்பட்டிருந்தவருக்கு அது ஒரு திருப்பம்.

1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தனர். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். வழியில் அவர்களுக்குச் சோறு போட்டாலும் தண்டனை என்று அரசு மிரட்டிய காலம் அது. அந்த நடையில் அவர்கள் பாடிச் சென்ற ‘கத்தியின்றி இரத்தமின்றி’ என்ற பாட்டை எழுதிக் கொடுத்தவர் நம் மோகனூர்ப் பிள்ளை. 1932-இல் அவரும் ஓராண்டு சிறை சென்றார். காவல்துறையில் ஊழியம் செய்தவரின் மகன், அதே காவல்துறையின் கையில் கைதியானார்.

கவிதையோடும் அவர் நிற்கவில்லை. நாடகம் எழுதினார், திருக்குறளுக்கு உரை எழுதினார், ‘என் கதை’ என்று தம் வரலாற்றையும் எழுதினார். அவருடைய ‘மலைக்கள்ளன்’ நாவல் 1954-இல் எம்.ஜி.ஆர். நடிக்கத் திரைப்படமாகிக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்றது. அடுத்த ஆண்டே ‘ஆசாத்’ என்று இந்திக்குப் போனது. அதில் நாயகன் திலீப் குமார், அதாவது யூசுப் கான். நம் பெரியவர்கள் சிலர் இந்திப் படத்தைப் பார்த்திருப்பார்கள். அதன் கதை நாமக்கல்லிலிருந்து போனது என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

1949-இல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியது. 1971-இல் பத்மபூஷண் விருது வந்தது. 1972 ஆகஸ்ட் 24 அன்று, 83 வயதில் காலமானார்.

சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்துமாடிக் கட்டடம் ‘நாமக்கல் கவிஞர் மாளிகை’ என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவில்லம். அதில் நூலகமும் இயங்குகிறது. விடுமுறையில் பிள்ளைகளை மலைக்கோட்டை பார்க்க அழைத்துச் செல்வோர் அந்த வீட்டுக்கும் ஒரு நடை போய் வரலாம். கவிஞர் யார் என்று பிள்ளைகள் கேட்டால், பதூலா பீவி வளர்த்த பிள்ளை என்று தொடங்கிச் சொல்லுங்கள்.