பிரூஸ்டர்ஸ்: பெண் நடத்தும் பீப்பாய் ஏல் ஆலை

பிரூஸ்டர்ஸ், இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் கிரான்தம் நகரில் அமைந்த சிறு பீர் ஆலை. பீப்பாய்க்குள்ளேயே பக்குவமாகும் மரபான ஏல் வகைகளுக்குப் பெயர்பெற்றது. சாரா பார்ட்டன் இதை 1998இல் தொடங்கினார். பிரிட்டனின் பீர் எழுத்தாளர் சங்கம் 2012இல் அவரை ஆண்டின் சிறந்த பீர் தயாரிப்பாளராகத் தேர்ந்தெடுத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். பீர் வடிக்கும் பெண்ணைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லையே ஆலைக்குப் பெயராக வைத்தார். மறைந்துபோன ஒரு தொழில் மரபை மீண்டும் கண்முன் நிறுத்தும் பெயர் அது. அந்த மரபு எப்படிப் பெண்கள் கையைவிட்டுப் போனது என்று தெரிந்தால்தான் இந்த ஆலையின் முக்கியத்துவம் விளங்கும்.

ஏல் என்பது வெதுவெதுப்பான சூழலில், நொதிக்கும் திரவத்தின் மேற்பரப்பில் நுரையாகத் திரளும் ஈஸ்டைக் கொண்டு தயாராகும் பீர். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து அதன் இனிப்புச் சாற்றை இறக்குகிறார்கள். ஹாப்ஸ் கொடியின் பூக்களைச் சேர்த்துச் சாற்றைக் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் கலக்கிறார்கள். இதுவரை எல்லா ஆலைகளிலும் ஏறக்குறைய ஒரே கதைதான். பீப்பாய் ஏல் இதன் பிறகுதான் வேறு வழியில் போகிறது. மற்ற பீர்களை வடிகட்டி, பெரும்பாலும் சூடாக்கி ஈஸ்டைக் கொன்று, வாயுவை ஏற்றி அனுப்புவார்கள். பீப்பாய் ஏலோ உயிருள்ள ஈஸ்டோடு பீப்பாய்க்குள் போய் அங்கே இரண்டாம் முறை நொதிக்கிறது. அதில் இருக்கும் மென்மையான குமிழ்கள் அந்த நொதித்தலில் பிறந்தவை.

ஆகவே வேலை ஆலையோடு முடிவதில்லை. மதுக்கூடத்தின் நிலவறையில் 11 முதல் 13 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் பீப்பாயைப் படுக்கவைத்து அசையாமல் நிறுத்துகிறார்கள். மேல்துளையில் நுண்துளை கொண்ட மரமுளையைச் செருகினால் மிகுதியான வாயு மெல்ல வெளியேறும். அளவு சரியானதும் கெட்டியான முளையை இட்டு அடைத்துவிடுவார்கள். ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளிய, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைக் கலப்பது பழைய வழக்கம். பரிமாறும்போது கைப்பம்பால் இறைத்துக் கண்ணாடிக் குவளையில் ஊற்றுகிறார்கள். இறைக்க இறைக்க பீப்பாய்க்குள் காற்று புகும் என்பதால், திறந்த பீப்பாயை மூன்று நாளுக்குள் தீர்த்தாக வேண்டும். பரவலாகப் புழங்கும் ஒன்பது காலன் பீப்பாயில், ஏறக்குறைய 41 லிட்டரில், 72 பைண்ட் இருக்கும். ஓர் ஊரின் சிறு மதுக்கூடம் மூன்று நாளில் விற்கக்கூடிய அளவுதான் அது.

நெடுந்தொலைவு போகாத, நெடுநாள் தாங்காத, அக்கம்பக்கத்தாரை நம்பி வடிக்கும் பீர். ஹாப்ஸ் சேர்க்காமல் வடித்த இடைக்கால இங்கிலாந்தின் ஏலும் இதே இயல்புடையது. அன்று அதை வடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வீட்டில் இருக்கும் கொப்பரையும் பானைகளும் போதும். ஏல் சில நாள்களில் புளித்துவிடும் என்பதால் குடும்பத்துக்குப் போக மீந்ததை அண்டை வீட்டாருக்கு விற்றார்கள். விற்பனைக்கு ஏல் தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கழியை நீட்டி அதன் நுனியில் இலைக்கொத்தைக் கட்டுவார்கள். நார்தாம்ப்டன்ஷயரின் பிரிக்ஸ்டாக் கிராமத்தில், 1348க்கு முந்தைய பதிவேடுகளை வைத்துப் பார்த்தால், மூன்றில் ஒரு பங்குப் பெண்களாவது ஏதோ ஒரு காலத்தில் ஏல் விற்றிருக்கிறார்கள் என்று வரலாற்றறிஞர் ஜூடித் பென்னட் காட்டியிருக்கிறார்.

இப்பெண்களைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் தண்டப் பதிவேடுகளின் வழியாகவே. 13ஆம் நூற்றாண்டில் வந்த ரொட்டி, ஏல் சட்டம், தானிய விலைக்கேற்ப ஏலின் விலையை நிர்ணயித்தது. ஊரின் சுவைபார்ப்போர் வீடுவீடாக வந்து தரத்தையும் அளவையும் சோதித்தார்கள். தவறினால் தண்டம். வடித்தவள் மனைவியாக இருந்தாலும், பல ஊர்களில் தண்டம் கணவன் பெயரில்தான் எழுதப்பட்டது. அதனால் ஏடுகளில் இருக்கும் பெண்களைவிட உண்மையில் உழைத்த பெண்கள் அதிகம் என்று கொள்வதே நியாயம்.

1348-49இன் கொள்ளைநோய்க்குப் பிறகு, பிழைத்தவர்களின் கூலி உயர்ந்தது. ஏல் குடிப்பதும் பெருகியது. சந்தை பெரிதானது. அதே காலத்தையொட்டி, ஹாப்ஸ் சேர்த்த பீர் நெதர்லாந்துப் பகுதிகளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்து, 15ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. ஹாப்ஸ் பீரை மாதக்கணக்கில் கெடாமல் காத்தது. கப்பலில் ஏற்றலாம், படைகளுக்கு அனுப்பலாம், பெரிய கொப்பரைகளில் வடித்துக் கிடங்கில் வைக்கலாம். இதற்கெல்லாம் முதலும் கடனும் ஆள்பலமும் வேண்டும். மணமான பெண் தன் பெயரில் ஒப்பந்தம் செய்வதே அரிதாக இருந்த நாட்டில் இவை அவளுக்கு எங்கே கிடைக்கும்? லண்டன் பீர் வடிப்போர் சங்கத்தில் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் பெண்கள். சங்கத்தை ஆளும் பொறுப்பில் அவர்களுக்கு இடமில்லை. 1600ஐ நெருங்கும்போது நகரங்களில் இது ஆண்களின் தொழிலாகிவிட்டது.

பழிச்சொல்லும் துணைக்கு வந்தது. லட்லோ நகரின் புனித லாரன்ஸ் தேவாலயத்தில் இருக்கையின் அடியில் ஒரு மரச்செதுக்கு இருக்கிறது. கள்ள அளவுக் குவளையோடு ஏல்காரி ஒருத்தியைப் பேய் நரகத்துக்குத் தூக்கிச் செல்கிறது. அளவைக் குறைத்த ஆண்களும் இருந்தார்கள், ஆனால் செதுக்கப்பட்டவள் பெண். செஸ்டர் நகரம் 1540இல் 14 முதல் 40 வயது வரையிலான பெண்கள் ஏல் விற்கக் கூடாது என்றே ஆணையிட்டது. கூரான தொப்பி, துடைப்பம், கொப்பரை, பூனை என்ற சூனியக்காரியின் உருவமே ஏல்காரிகளிடமிருந்து பிறந்தது என்று இன்று பலர் எழுதுகிறார்கள். கேட்க ஈர்ப்பாக இருந்தாலும் அதற்குத் தக்க சான்று இல்லை. உண்மையில் நடந்த அநீதியே போதுமான அளவு பெரிது. அதற்குப் புனைவு தேவையில்லை.

20ஆம் நூற்றாண்டின் நடுவில் பீப்பாய் ஏலும் அழிவின் விளிம்புக்கு வந்தது. சில பெரிய நிறுவனங்கள் உள்ளூர் ஆலைகளை வாங்கி மூடின. வடிகட்டி வாயு ஏற்றிய ஒரே சுவைப் பீரை நாடெங்கும் அனுப்பின. இதை எதிர்த்து 1971இல் அயர்லாந்தின் டன்குவின் என்ற ஊரில் விடுமுறையில் இருந்த நான்கு இளைஞர்கள் ஓர் இயக்கம் தொடங்கினார்கள். காம்ரா என்ற சுருக்கப் பெயரில் அது பிரிட்டனின் மிகப்பெரிய நுகர்வோர் அமைப்புகளில் ஒன்றாக வளர்ந்தது. பீப்பாய் ஏலுக்கு மீண்டும் ஆள் சேர்ந்தது, சிறு ஆலைகளுக்கு இடம் பிறந்தது.

சாரா பார்ட்டன் அந்த இடத்துக்குள் முறையான பயிற்சியோடு நுழைந்தார். எடின்பரோவின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில் பீர் தயாரிப்பில் முதுநிலைப் படிப்பு, பிறகு கரேஜ் என்ற பெரிய நிறுவனத்தில் வேலை. 1998இல் அதை விட்டு, லெஸ்டர்ஷயரின் பீவர் பள்ளத்தாக்கில் உள்ள ஸ்டாதர்ன் கிராமத்தில், ஒரு முறைக்குச் சுமார் 820 லிட்டர் வடிக்கும் சாதனங்களோடு சொந்த ஆலையைத் தொடங்கினார். 2006இல் ஆலை கிரான்தமுக்கு இடம்பெயர்ந்தது.

இடையில் வந்த ஒரு வரிச் சலுகை இத்தகைய ஆலைகளுக்குப் பேருதவியானது. 2002இல் பிரிட்டிஷ் அரசு, ஆண்டுக்கு 5 லட்சம் லிட்டருக்குள் வடிக்கும் ஆலைகளுக்குப் பீர் வரியைப் பாதியாகக் குறைத்தது. பெரிய ஆலையின் விலையோடு போட்டியிட முடியாத சிறியவர்களுக்கு அது மூச்சுவிட இடம் தந்தது. புதிய ஆலைகள் நாடெங்கும் முளைத்தன. நல்ல பீர் வடிக்கத் தெரிந்தவர்கள் அதற்கு முன்பும் இருந்தார்கள். அவர்கள் கணக்கில் நட்டமில்லாமல் தொழில் நடத்த வழி பிறந்தது அப்போதுதான்.

பிரூஸ்டர்ஸின் ஏல்களில் ஹாப்ஹெட் 3.6 சதவீத ஆல்கஹால் கொண்டது, ஹாப்ஸ் மணத்தை முன்னிறுத்துவது. ரட்டர்கின் 4.6 சதவீதம். ரட்டர்கின் என்பது ஒரு பூனையின் பெயர். பீவர் கோட்டைப் பிரபுவின் பிள்ளைகளைச் சூனியத்தால் கொன்றதாக ஜோன் ஃபிளவர் என்ற பெண்ணும் அவள் மகள்கள் மார்கரெட்டும் ஃபிலிப்பாவும் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். தாய் லிங்கன் சிறைக்குப் போகும் வழியில் இறந்தாள்; மகள்கள் 1619இல் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த வழக்கில் பேசப்பட்ட பூனைதான் ரட்டர்கின். உள்ளூர்ப் பெண்களுக்கு நேர்ந்த கொடுமையின் நினைவைப் பெண் ஒருவர் வடித்த ஏல் சுமக்கிறது.

2011இல் பார்ட்டன் வீனஸ் திட்டம் என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கினார். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பீர் வடிக்கும் பெண்கள் தங்களில் ஒருவரின் ஆலையில் ஒன்றுகூடி, சேர்ந்து ஒரு பீர் வடிப்பது அதன் வழக்கம். தனித்தனி ஊர்களில் ஆண்களுக்கிடையே ஒற்றையாக வேலை செய்தவர்களுக்கு, ஐயம் கேட்கவும் அனுபவம் பகிரவும் அது களமானது. அந்த வட்டத்தைச் சேர்ந்த சோஃபி டி ரோண்ட் 2014இல் உலக மகளிர் நாளான மார்ச் 8 அன்று, பல நாடுகளின் பெண்கள் ஒரே நாளில் பீர் வடிக்கும் நிகழ்வைத் தொடங்கிவைத்தார்.

பார்ட்டன் தனியாள் அல்லர். யார்க்ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்டில் மாலின்சன்ஸ் ஆலையை 2008இல் டாரா மாலின்சன், எலேன் யெண்டல் என்ற இருவர் தொடங்கினார்கள். ஒரே வகை ஹாப்ஸை மட்டும் சேர்த்த பீப்பாய் ஏல்களுக்கு அது பேர்போனது. சிறு ஆலைகளில் திறந்த வழி பின்னர் பெரியவற்றிலும் தெரிந்தது. லண்டனில் 1845 முதல் இயங்கிவரும் ஃபுல்லர்ஸ் நிறுவனம், 2017இல் ஜார்ஜினா யங்கைத் தலைமை பீர் தயாரிப்பாளராக நியமித்தது. அங்கே அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவர்.